லண்டூரில் பர்கர் தின்றால் வரலாறு கெட்டுப்போகுமா?

"மசூரிக்கு மூணு நாள் போறோம். லண்டூர்ல ரூம் போட்டாச்சு. பசங்க பர்கர் பர்கர்னு உசுரை எடுக்குதுங்க. அங்க நல்லதா எங்கங்க கிடைக்கும்?"

டேராடூன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு சகோதரி கேட்டது இவ்வளவுதான். பதினேழு பதில் வந்தது மக்களே. பதினேழிலும் ஒரு கடையின் பெயர்கூட இல்லை.

"அவ்வளவு பழமையான ஊருக்குப் போயி பர்கரா?" என்றார் ஒருவர். "அதுக்கு இங்கயே மால்ல தின்னுட்டுப் போயிடலாமே" என்றார் இன்னொருவர். "பிள்ளைங்களுக்கு நம்ம சாப்பாட்டைப் பழக்காம விட்டது நம்ம தப்பும்மா" என்று நீளமாக ஒருத்தர் எழுதியிருந்தார். இட்லிப் பொடி எடுத்துப் போகச் சொன்னவர் வேறு. அந்தச் சகோதரி கடைசியில் "சரிங்கண்ணா, நன்றிங்கண்ணா" என்று போட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். எனக்குத்தான் அமைதியாக இருக்க முடியவில்லை. குழுவில் எழுதினால் பொங்கல் விழா வசூலில் கைவைப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன் :-)

முதலில் அந்தப் "பழமையான ஊர்" சமாச்சாரத்துக்கு வருவோம். லண்டூரில் மன்னர் கட்டிய கோட்டையோ அரண்மனையோ கிடையாது. உடம்பு சரியில்லாத பிரிட்டிஷ் சிப்பாய்கள் மலைக்காற்றில் தேறட்டும் என்று 1827ல் ராணுவம் அமைத்த இடம் அது. பெயரே வேல்ஸ் நாட்டில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. 1840ல் செயின்ட் பால்ஸ் தேவாலயம், 1854ல் உட்ஸ்டாக் பள்ளி, பிறகு கோடைக்காலத்தில் மலையேறி வந்து இந்தி படித்த அமெரிக்க மிஷனரிகள், அவர்களுக்கென்று ஒரு மொழிப்பள்ளி. லண்டூரின் வரலாறு என்று நாம் சுற்றிப் பார்க்கப் போவதே இதைத்தான்.

அந்த மிஷனரி வீட்டு அம்மாக்கள் சும்மா இருந்தார்களா? இந்த உயரத்தில் மாவு எப்படிப் பொங்கும், கிடைக்கிற சாமானை வைத்து கேக்கும் பன்னும் எப்படிச் செய்வது என்று ஆளுக்கொரு குறிப்பாக எழுதி, சமையல் புத்தகமே போட்டார்கள். லண்டூர் சமையல் புத்தகம் என்று இன்றைக்கும் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. சிஸ்டர்ஸ் பஜாரில் பிரகாஷ் ஸ்டோரில் வேர்க்கடலை வெண்ணெய் வாங்க டெல்லியிலிருந்து ஆட்கள் வருவதும் அந்தக் கதையின் மிச்சம்தான். ஆக, பன்னும் ரொட்டியும் லண்டூருக்கு அந்நியம் என்று சொல்பவர், தஞ்சாவூருக்கு நெல் அந்நியம் என்றுகூடச் சொல்லலாம்.

நம்ம கொடைக்கானலை நினைத்துப் பாருங்கள். அதே அமெரிக்க மிஷனரிகள், அதே மாதிரிப் பள்ளி (1901), அதே பேக்கரி, அதே வேர்க்கடலை வெண்ணெய். கொடைக்கானலில் பிரெட்டும் சாக்லேட்டும் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தால் டூர் போய் வந்த பெருமை. லண்டூரில் பிள்ளை ஒரு பன் கேட்டால் பண்பாடு போச்சு. என்ன கணக்கோ!

உருளைக்கிழங்கு கதை இன்னும் தமாஷ். லண்டூரில் முதல் வீட்டைக் கட்டிய கேப்டன் யங் அயர்லாந்துக்காரர். மசூரி மலையில் உருளைக்கிழங்கைப் பயிரிட்டவரும் அவர்தான் என்று இங்கே சொல்வார்கள். அப்படியானால் அந்த ஊர் மண்ணோடு ஊரின் வயசு உறவு வைத்திருக்கிற பண்டம் உருளைக்கிழங்கு. அதை மசித்து, டிக்கி தட்டி, பன்னுக்குள் வைத்தால் அதைவிட "ஹெரிடேஜ்" பலகாரம் லண்டூரில் வேறு எது? மால் ரோட்டில் நம்மவர்கள் தேடிப் போய் வரிசையில் நிற்கும் மசாலா தோசையா?

அதையும் சொல்லியாக வேண்டும். "உள்ளூர் சாப்பாட்டைச் சாப்பிடணும்" என்று குழுவில் உபதேசம் செய்த அண்ணாச்சியோடு இரண்டு வருஷம் முன்னால் நானும் மசூரி போயிருக்கிறேன். வண்டியை விட்டு இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க சவுத் இண்டியன் எங்க இருக்கு?" சாம்பாரில் சர்க்கரை இருந்தது என்று ஊர் வந்து சேரும்வரை புலம்பினார். நம்ம ஆட்களின் உள்ளூர்ப் பற்று இவ்வளவுதான். காசிக்குப் போனாலும் சமையல்காரரோடு போகும் டூர் பேக்கேஜ்தான் நமக்கு வேண்டும். அதில் தப்பும் இல்லை. வயசான வயிறு பழகியதைத்தான் கேட்கும். ஆனால் பத்து வயசு வயிறு தனக்குப் பழகியதைக் கேட்டால் மட்டும் ஏன் சார் அது சீரழிவு ஆகிறது?

உண்மையான உள்ளூர் சாப்பாடு எது என்று அண்ணாச்சிக்குத் தெரியுமா என்பது அடுத்த சந்தேகம். கர்வாலி மலைக்காரர்கள் வீட்டில் மண்டுவா ரொட்டி சுடுவார்கள். மண்டுவா என்றால் நம்ம கேழ்வரகு. ஜங்கோரா என்று பாயசம் வைப்பார்கள். அது குதிரைவாலி. கஹத் தால் என்பது கொள்ளுப் பருப்பு. கேழ்வரகும் குதிரைவாலியும் கொள்ளும்! எங்க விருதுநகர் பக்கத்து மானாவாரிக் காட்டை அப்படியே தூக்கி இமயமலையில் வைத்த மாதிரி. எட்டு மாசம் டேராடூனில் இருந்தபிறகு ஒரு பியூன் வீட்டில்தான் முதல்முதலாக இதைச் சாப்பிட்டேன். லண்டூரின் டூரிஸ்ட் கடைகளில் மெனு அட்டையைப் புரட்டினால் மேகி கிடைக்கும், பரோட்டா கிடைக்கும், வாஃபிள்கூடக் கிடைக்கும். மண்டுவாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்காக அண்ணாச்சி சண்டை போட்டால் முன்வரிசையில் நான் நிற்பேன். அவர் சண்டை போடுவதோ ஒரு பன்னோடு.

சரி, பர்கர் என்றால் என்ன? பல மாமிகள் ஹாம்பர்கர் என்ற பேரில் "ஹாம்" இருப்பதால் பன்றிக்கறி என்று பயப்படுகிறார்கள். ஹாம்பர்க் என்ற ஜெர்மன் ஊர்ப்பெயர்தான் அது. அமெரிக்காவில் அது மாட்டுக்கறிக் கொத்து. பசுவதைத் தடைச் சட்டம் 2007லேயே வந்த உத்தராகண்டில் அந்த அசலைத் தேடி யாரும் அலைய வேண்டாம். இங்கே பர்கர் என்றால் சிக்கன், சில இடங்களில் மட்டன் கீமா, பெரும்பாலும் ஆலு டிக்கி. அந்த அமெரிக்க கம்பெனி 1996ல் டெல்லி வசந்த் விஹாரில் முதல் கடையைத் திறந்து, பிறகு ஆலு டிக்கியை பன்னுக்குள் வைத்து விற்றபோது உலகமே ஏதோ கண்டுபிடிப்பு மாதிரிப் பேசியது. வட இந்தியத் தெருவோரத்தில் பன் டிக்கி என்பது அதற்குச் சம்பந்தமே இல்லாத தனிப் பரம்பரை. டேராடூனில் பன் டிக்கி என்பது ஊர்ப் பெருமை.

அதைச் செய்கிற விதத்தை ஒரு தடவை நின்று பாருங்கள். நடுவில் குழிந்த பெரிய தவா. அரை வேக்காடு போட்ட டிக்கிகள் ஓரத்தில் வட்டமாக அடுக்கியிருக்கும், சூடு ஆறாமல். நீங்கள் கேட்டதும் ஒன்றை நடுவுக்குத் தள்ளி, கரண்டியால் ஒரு அமுக்கு. விளிம்பு முறுகுகிற சத்தம் கேட்கும். பன்னை இரண்டாகப் பிளந்து அதே எண்ணெயில் கவிழ்த்து, வெங்காயம், புதினா சட்னி, புளிச் சட்னி. பரிமாறும் நிமிஷம்வரை நெருப்பில் இருந்த பண்டம். இதற்கு முன்னால் நெகிழிப் பையில் ஆறிப்போன செயின் கடைப் பர்கர் எம்மாத்திரம்!

இப்போது என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். பர்கர் தின்பவர்களிடம் எனக்குச் சண்டையே இல்லை. எல்லா ஊர்ப் பர்கரையும் ஒரே பர்கராக ஆக்கிவிட்டவர்களிடம்தான் சண்டை.

கடன் கொடுத்த பிறகு யூனிட் இன்ஸ்பெக்ஷன் என்று நாங்கள் போவது உண்டு. முத்ரா கடன் வாங்கி கஃபே வைத்த பையன்களை அந்த வகையில் நிறையப் பார்த்திருக்கிறேன். (எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். வங்கி ரகசியம்.) வாசலில் கல் சுவர், பழைய மரக்கதவு, சுவரில் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், மெனுவில் "ஹெரிடேஜ் பர்கர்". உள்ளே போனால் கடன் தொகையில் கணிசமான பங்கு ஒரு நீளமான ஃப்ரீசர் பெட்டியாக நிற்கும். மூடியைத் திறந்தால் ஃப்ரோசன் பேட்டி அட்டைப் பெட்டிகள். நான் ராய்ப்பூரில் பார்த்த அதே பெட்டி, போபாலில் பார்த்த அதே பெட்டி. சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் ஒன்றுகூடக் கிடக்காது. மாநிலம் மாறினாலும் கோட்டை மாறினாலும் பேட்டி மாறாது.

கடைக்காரர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும், பி.காம். படித்தவனாயிற்றே. மே, ஜூனில் கூட்டம் நெரியும், மழைக்காலத்தில் ஈ ஓட்ட வேண்டும். கிழங்கை அவித்து மசித்து வைத்தால் ஆள் வராத நாளில் வேஸ்டேஜ். பெட்டியிலிருந்து வேண்டுமென்றால் இரண்டு எடுத்துப் பொரிக்கலாம், மீதிக்குச் சேதம் இல்லை. கிழங்கு உரிக்கும் பையனுக்குச் சம்பளமும் இல்லை. கணக்குப்படி அவர் செய்வது சரிதான்.

கணக்கில் வராத இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்தக் கிழங்கு உரிக்கும் பையன். அவன் மேலே ஏதோ ஒரு கிராமத்திலிருந்து இறங்கி வந்தவன். உத்தராகண்டில் ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மலைக் கிராமங்களைப் "பூதியா காவ்" என்பார்கள், பேய்க் கிராமம். ஊரை விட்டுப் போகிறவர்கள் பிரச்சனைக்கென்றே 2017ல் இந்த மாநில அரசு பௌரியில் ஒரு ஆணையம் அமைத்தது. மசூரியில் வேலை இருந்தால் மசூரியோடு நிற்பான், இல்லாவிட்டால் டெல்லி, குருகிராம். நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே, அது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? பன் சுடும் சின்ன பேக்கரியும் இதே கணக்கில்தான் அடிவாங்குகிறது. வீட்டிலிருந்து கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் கொண்டுபோய்க் கொடுத்தால் பிஸ்கட் சுட்டுத் தரும் பேக்கரிகள் இங்கே உண்டு. தங்கமணி தீபாவளிக்கு அப்படித்தான் செய்வார். அந்த அடுப்பு அணைந்தால் பிஸ்கட்டும் போச்சு, பன்னும் போச்சு.

இன்னொன்று கரண்ட். மலையில் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு கரைந்து, மறுபடி உறைந்து, மறுபடி கரைந்தால் என்ன ஆகும்? ஒரு கடையில் கேட்டேன், "இன்வெர்ட்டர் இருக்கு சார், பல்புக்கும் மியூசிக்குக்கும்" என்று பதில் வந்தது. மியூசிக்குக்கு!

இந்த லட்சணத்தில் "செயின் கடை, கஃபே மாதிரி இடம்தான் சுத்தம், தவாக்காரன் கையில் தின்னாதே" என்று நம் வீடுகளில் சட்டம் வேறு. அப்பா அம்மாக்களே, பயப்பட வேண்டியது மயோனைஸுக்கு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2024 அக்டோபரில் தெலங்கானாவும், 2025 ஏப்ரலில் நம்ம தமிழ்நாடும் ஓராண்டுக்குத் தடை செய்தது சும்மா இல்லை. கொதிக்கிற தவாவிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவதில் உள்ள ஆபத்து, வெயிலில் நின்ற மயோனைஸ் பாட்டிலில் உள்ளதைவிடக் குறைவு. சட்னி மட்டும் புதுசா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன சீசனில் இந்தப் பக்கத்து மலையூர் ஒன்றில் "ஹெரிடேஜ்" கஃபேயில் மகனுக்கு ஒரு பர்கர் வாங்கினேன். 420 ரூபாய். உள்ளே பேட்டியின் நடுப்பகுதி சில்லென்று இருந்தது. பில்லில் பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ். அதை எடுக்கச் சொன்னேன். "சார், எல்லாரும் கொடுக்கறாங்க" என்றார் மேனேஜர். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டதையும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றதையும் பொறுமையாகச் சொன்னேன். எடுத்தார். தங்கமணி மேஜைக்கு அடியில் காலை மிதித்தது தனிக்கதை.

இனி பிள்ளைகள். பதினேழு பதிலில் என்னை நிஜமாகவே சுட்டது அந்த "நம்ம சாப்பாட்டைப் பழக்காம விட்டது நம்ம தப்பு" என்ற வரிதான். என் மகன் பிறந்தது கான்பூரில். யூகேஜி ராய்ப்பூர், ஐந்தாவதுவரை போபால், இப்போது டேராடூன். மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர். லாரியில் சாமான் ஏற்றும்போதெல்லாம் அவன் விட்டுவிட்டு வந்தது என்ன தெரியுமா? ஸ்கூல் வாசலில் ஒரு தள்ளுவண்டி, அதில் எதையோ வாங்கிப் பங்குபோட்டுத் தின்ற இரண்டு மூன்று நண்பர்கள். எனக்கு விருதுநகர் எண்ணெய் பரோட்டா எப்படியோ அப்படித்தான் அவனுக்கு இந்த பன் டிக்கி. (பரோட்டாவும் மைதாதான். அதை யாரும் சீரழிவு என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா?) வீட்டில் அவன் தினமும் சோறுதான் தின்கிறான், ரசம் கேட்டு வாங்கிக் குடிக்கிறான். அவனைப் பார்த்து "நீ தமிழ்ப்பிள்ளையே இல்லடா" என்று ஒரு பிறந்தநாள் விருந்தில், பர்கரைக் கையில் வைத்திருந்த ஒரே காரணத்துக்காக, ஒரு மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு இரவு அவன் கேட்டான்: "அப்பா, நான் எந்த ஊரு?" இந்தக் கேள்விக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்த சர்க்குலரிலும் பதில் வந்ததில்லை. அந்த மாமாக்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்களுக்கு விருப்பமில்லை என்றால் தின்னாதீர்கள். பிள்ளைகளின் தட்டைப் பார்த்து ஜாதகம் கணிக்காதீர்கள்.

போகட்டும். அந்தச் சகோதரி கேட்டதற்குப் பதில் இதோ.

சனி, ஞாயிறு வேண்டாம்மா, மசூரி ஏறவே பாதி நாள் போய்விடும். வார நாளில் காலையில் கிளம்புங்கள். மேலே வண்டி நிறுத்த இடம் குறைச்சல். பிள்ளைகள் நடப்பார்கள் என்றால் பிக்சர் பேலஸ் பக்கம் விட்டுவிட்டு லண்டூர் பஜார் வழியாக ஏறுங்கள், நல்ல ஏற்றம், ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும், பசி தானாக வரும். செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் சார் துக்கான். நாலு கடை என்று அர்த்தம், எண்ணினால் நாலைத் தாண்டும். பன் ஆம்லெட் அங்கே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். பர்கர் கேட்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் "டிக்கி கர் கி பனி ஹை யா ஃப்ரோசன்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டிச் சரக்கு என்றால் பெரும்பாலும் அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்கள், அப்போது பன் ஆம்லெட்டோடு நின்றுகொள்ளுங்கள். பெரியவனுக்கு ஒன்று, சின்னவளுக்குப் பாதி போதும், இஞ்சி எலுமிச்சை தேன் டீ உங்களுக்கு.

அங்கிருந்து சிஸ்டர்ஸ் பஜார்வரை தேவதாரு மரங்களுக்கு நடுவே நடை. பிரகாஷில் வேர்க்கடலை வெண்ணெய் ஒரு பாட்டில், லண்டூர் பேக்ஹவுஸில் ரொட்டி. ரூமில் ராத்திரிப் பசிக்கு அது ஆச்சு. திரும்பி இறங்கும்போது டேராடூனில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பன் டிக்கி வண்டிகள் சூடு பிடித்திருக்கும். ஓரத்தில் டிக்கி அடுக்கிய தவாவாகப் பார்த்து நில்லுங்கள். காரம் கம்மியாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பச்சைச் சட்னி பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இட்லிப் பொடியும் எடுத்துப் போங்கள், எடை ஒன்றும் இல்லை. வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியில் மேலே லேசாகத் தூவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்கு அடிதடி.